கோடைக்கால ஆய்வு இன்டர்ன்ஷிப்: தீபாவளிக்கு முன்னாலேயே தொடங்க வேண்டிய வேலை

ஒவ்வொரு வருஷமும் மார்ச் முடிந்து ஏப்ரல் பிறக்கும்போதுதான் இந்தக் கேள்வி வருகிறது. "அக்கா, லீவுக்கு ஏதாச்சும் பெரிய லேப்ல இன்டர்ன்ஷிப் கிடைக்குங்களாக்கா?" கேட்பவர்கள் கோபி, தாராபுரம், ராசிபுரம், பொள்ளாச்சிப் பக்கம் பி.எஸ்.சி., எம்.எஸ்.சி. படிக்கிற பிள்ளைகள். மார்க்கில் குறை இருக்காது, ஆர்வத்திலும் குறை இருக்காது. ஆனால் அவர்கள் கேட்கிற நேரத்தில் பெரிய திட்டங்கள் விண்ணப்பம் வாங்கி, ஆளும் எடுத்து முடித்திருக்கும். இதை முன்கூட்டியே சொல்ல நம்மூர்க் கல்லூரிகளில் பல இடங்களில் ஆளில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை, ஒவ்வொரு படிவமாக முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். அதனால் தேதி, காகிதம், காசு, இந்த மூன்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். ஆராய்ச்சி ஏன் நல்லது என்று சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

1. காலண்டரை எடுத்து முன்பக்கம் புரட்டுங்கள்

மே, ஜூன் மாதப் பயிற்சிக்கு அதற்கு முந்தைய அக்டோபரிலேயே வேலை தொடங்கிவிடும். ஆயுத பூஜை விடுமுறையில் மார்க் ஷீட்டுகளை எடுத்து வையுங்கள், தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் முதல் விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள்.

மூன்று அறிவியல் கழகங்கள் (பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ்) சேர்ந்து நடத்துகிற கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப்தான் இருப்பதில் பெரியது, முதலில் மூடுவதும் அதுதான். பல ஆண்டுகளாக நவம்பர் கடைசி வாக்கில்தான் அதற்குக் கடைசி நாள் இருந்து வந்திருக்கிறது. அந்த நேரத்தில் நமக்கு ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு நடந்துகொண்டிருக்கும், பேராசிரியர்கள் விடைத்தாள் திருத்தப் போயிருப்பார்கள், இடையில் மழை லீவு வேறு. அதனால் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுவதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டிசம்பரில் இருந்து மார்ச் வரை மற்றவை ஒவ்வொன்றாகத் திறக்கும். டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்), ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்றவை பெரும்பாலும் புது வருஷம் பிறந்த பிறகுதான் அறிவிப்பு போடும். தேதி வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் நகரும் என்பதால் போன வருஷத்து வாட்ஸ்ஆப் ஃபார்வர்டை நம்பாதீர்கள். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தைப் பொங்கல் வரை வாரத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறையும் திறந்து பாருங்கள்.

எந்த ஆண்டில் போவது என்பதும் முக்கியம். பி.எஸ்.சி. இரண்டாம் ஆண்டு முடியும்போதும், எம்.எஸ்.சி. முதல் ஆண்டு முடியும்போதும் போவதுதான் சரியான நேரம். கடைசி ஆண்டு முடிக்கிறவர்களைப் பல திட்டங்கள் எடுப்பதில்லை, அடுத்த படிப்பில் சேரப்போகிறேன் என்று சொன்னாலும் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். தகுதி விதியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பாருங்கள்.

2. எங்கெங்கே போடலாம்

மூன்று கழகங்களின் திட்டத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல், பொறியியல் எல்லாம் உண்டு. இரண்டு மாதம், நாட்டின் எந்த ஊர் ஆய்வகத்திலும் இடம் கிடைக்கலாம். ஒரு விஷயம்: இதை நடத்துகிற பெங்களூரு அறிவியல் கழகம் வேறு, அதே ஊரில் இருக்கிற, எல்லாருக்கும் தெரிந்த ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் நிறுவனம்) வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான இணையதளத்தில் தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெங்களூரு ஜக்கூரில் இருக்கிற ஜவாஹர்லால் நேரு மையம் தனியாகக் கோடை ஃபெல்லோஷிப் நடத்துகிறது. மும்பை டி.ஐ.எஃப்.ஆரின் திட்டத்துக்கு வி.எஸ்.ஆர்.பி. என்று பெயர். வானியல் பக்கம் ஆசை என்றால் புனேவில் ஐயுகா என்கிற வானியல் மையம். எம்.எஸ்.சி. இயற்பியல், வேதியியல் முதல் ஆண்டில் இருந்தால் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமான ஐ.ஜி.சி.ஏ.ஆர். நடத்துகிற ஸ்டிபாக் பயிற்சியைத் தேடிப் பாருங்கள். கணிதம் படிக்கிறவர்களுக்கு எம்.டி.டி.எஸ். இருக்கிறது. 1993இல் இருந்து நடக்கிற நாலு வாரப் பயிற்சி அது. ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது, ஆனால் கணக்கை மனப்பாடம் செய்யாமல் யோசிக்கப் பழக்கும். என் கணக்குத் தோழிகள் எல்லாரும் அங்கே போய்வந்த பிறகு வேறு ஆளாகத்தான் பேசினார்கள்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குகிறவர்கள் கவனியுங்கள். அந்த ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 60,000 மட்டும்தான் உங்கள் செலவுக்கு, மீதி 20,000 கோடை ஆய்வுக்கென்று ஒதுக்கியது. நீங்கள் ஒரு ஆய்வு வழிகாட்டியிடம் வேலை செய்து அறிக்கை கொடுத்தாக வேண்டும். அதனால் உங்களுக்கு இது விருப்பப்பட்டால் செய்கிற வேலை இல்லை.

இதெல்லாம் வெளியூர். நம்ம ஊரை மறந்துவிட வேண்டாம். கோவையில் மட்டுமே 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகம், வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம், பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம், தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம், ஆனைக்கட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம், நூற்பாலைகளுக்கான சிட்ரா என்று வரிசையாக இருக்கின்றன. சேலத்தில் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொஞ்சம் மலை ஏறினால் ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, குன்னூரில் பாஸ்டர் நிறுவனம். இவற்றில் பலவற்றில் மாணவர்களுக்கென்று பெரிதாக விளம்பரம் செய்து தேர்வு நடத்த மாட்டார்கள், விஞ்ஞானிக்கு நேரடியாக எழுதித்தான் உள்ளே போக வேண்டும். அது எப்படி என்று ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால், பெரிய பெயர் இருக்கிற இடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து இரண்டு மாதம் பேப்பர் படித்துவிட்டு வருவதைவிட, உள்ளூர் லேபில் கையால் ஒரு சோதனையைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை செய்வது மேல். ஆனாலும் இரண்டு பக்கமும் போட்டு வையுங்கள்.

3. காகிதங்கள், முக்கியமாக இனிஷியல்

வேண்டியவை: பத்து, பிளஸ் டூ மார்க் ஷீட், இதுவரை வந்த எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், கல்லூரி போனஃபைடு சான்றிதழ், ஆதார், கல்லூரி அடையாள அட்டை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கையெழுத்து ஸ்கேன், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். ஒதுக்கீடு இருக்கிற திட்டம் என்றால் சாதிச் சான்றிதழும் வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி பி.டி.எஃப். ஆக்கி, பெயர் வைத்து, மெயிலிலேயே ஒரு இடத்தில் போட்டு வையுங்கள். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் பண்ணினால் ஃபைல் சைஸைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள், படிவம் 200 கே.பி.க்கு மேல் ஏற்காது என்று இரவு பதினொன்றரைக்குத் தெரிந்தால் கஷ்டம். சென்டர்க் கம்ப்யூட்டரில் ஆதாரை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள், அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

இனி இனிஷியல். நம்ம ஆட்களுக்கு மட்டும் இருக்கிற தொல்லை இது. பத்தாவது மார்க் ஷீட்டில் கவின் பி, ஆதாரில் கவின் பழனிசாமி, வங்கிக் கணக்கில் பி.கவின், கல்லூரிப் பதிவேட்டில் வெறும் கவின் என்று இருக்கும். வடநாட்டு நிறுவனத்தின் படிவமோ குடும்பப் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டு, அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. இதில் பிள்ளைகள் ஒரு படிவத்தில் அப்பா பெயரும், இன்னொன்றில் இனிஷியலும், இன்னொன்றில் ஒரு புள்ளியும் போட்டு வைப்பார்கள். அப்புறம் தேர்வுக் கடிதம் ஒரு பெயரில், ஆதார் ஒரு பெயரில் வரும், வாசல் செக்யூரிட்டி முதல் பணம் போடுகிற கிளார்க் வரை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

என் வழி இது: பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ளதுதான் உங்கள் பெயர் என்று முடிவு செய்யுங்கள். குடும்பப் பெயர் கட்டாயம் என்றால் இனிஷியலின் விரிவு என்னவோ அதை எல்லாப் படிவத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். ஆதாரில் பெரிய வித்தியாசம் இருந்தால் அக்டோபரிலேயே இ-சேவை மையத்திலோ ஆதார் மையத்திலோ திருத்தக் கொடுங்கள். ஆனால் யோசித்துக் கொடுங்கள், ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள்.

மார்க் விஷயத்தில் ஒரு பொறி. படிவம் சதவீதம் கேட்கும், நம் மார்க் ஷீட்டில் சி.ஜி.பி.ஏ. இருக்கும். பத்தால் பெருக்கி நீங்களாகவே போட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் மாற்று விதி மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். மொத்த மார்க்கைக் கூட்டி வகுத்துப் போடச் சொன்னால் தமிழ், ஆங்கிலம் உட்பட எல்லாத் தாளும் சேருமா, முதன்மைப் பாடம் மட்டுமா என்று படிவத்தின் குறிப்பைப் படிக்க வேண்டும். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். ஒரு தாள் அரியரால் வாய்ப்பு போகலாம், போகாமலும் இருக்கலாம், ஆனால் மறைத்தது தெரிந்தால் உறுதியாகப் போய்விடும்.

4. பரிந்துரைக் கடிதம்: விண்ணப்பங்கள் சாகிற இடம்

நீங்கள் எல்லாவற்றையும் சரியாக நிரப்பி அனுப்பியிருப்பீர்கள். ஆனால் உங்கள் ஆசிரியர் அவருக்கு வந்த இணைப்பைத் திறந்து கடிதத்தை ஏற்றவில்லை என்றால் அந்த விண்ணப்பம் முழுமை ஆகாது. பல இடங்களில் இதை உங்களுக்குத் தெரிவிக்கக்கூட மாட்டார்கள்.

யாரிடம் கேட்பது என்பதில் நம் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. எச்.ஓ.டி.யிடமோ முதல்வரிடமோதான் வாங்க வேண்டும், இல்லையென்றால் அவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். கடிதத்தைப் படிக்கிற விஞ்ஞானிக்குப் பதவி முக்கியம் இல்லை. இந்தப் பெண் லேபில் டைட்ரேஷன் மூன்று தடவை பொருந்தாமல் வந்தபோது கரைசலைத் திரும்பத் தயாரித்துச் சரிபார்த்தாள் என்று எழுதக்கூடிய ஒருவர் வேண்டும். அவர் உங்கள் லேபில் நின்ற இளம் உதவிப் பேராசிரியராகவோ, கெளரவ விரிவுரையாளராகவோகூட இருக்கலாம். எச்.ஓ.டி.யிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மரியாதைப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்: "சார், இன்ன மேடம்கிட்ட லெட்டர் கேட்டிருக்கேனுங்க, உங்களுக்கும் தெரிவிச்சுடலாம்னு வந்தேனுங்க."

கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே பக்கத்தில் உங்கள் பெயர், பதிவெண், மார்க், அவரிடம் படித்த தாள், அவர் லேபில் செய்தது, எந்தத் திட்டம், கடைசி நாள், கடிதம் எப்படிப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மூன்று வாரம் முன்பு கேளுங்கள். ஒரு வாரம் கழித்து ஞாபகப்படுத்துங்கள், கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு நேரில் போய் நில்லுங்கள். தொந்தரவு என்று தயங்க வேண்டாம், அவர்கள் தேர்தல் வேலை, கல்லூரித் தரத்தை மதிப்பிட வருகிற நாக் குழு, திருத்தும் பணி என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள், மறந்துதான் போவார்கள்.

மெயில் முகவரியை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். கல்லூரி டொமைனில் முகவரி கட்டாயம் என்று சில திட்டங்களில் இருக்கும். அப்படி ஒரு முகவரி கல்லூரியில் எல்லாருக்கும் உருவாக்கி வைத்திருப்பார்கள், ஆனால் பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதை முதலிலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பு ஸ்பேமில் விழும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சில ஆசிரியர்கள் "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்பார்கள். முடிந்தவரை குறிப்புகளை மட்டும் கொடுத்து அவரையே எழுத வையுங்கள். ஒரே வகுப்பில் நாலு பேர் ஒரே வாக்கியங்களோடு கடிதம் அனுப்பினால் நாலு பேருக்கும் கிடைக்காது.

5. ஏன் இந்த ஆய்வு என்று எழுதுகிற அந்தச் சின்னப் பக்கம்

பெரும்பாலும் சில நூறு சொற்கள்தான். இணையத்தில் இருக்கிற மாதிரியை எடுத்து எழுதினாலும், சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கினாலும் அது ஒரே மாதிரிதான் வரும்: சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம், இந்த வாய்ப்பு என் கனவு, கடுமையாக உழைப்பேன். இந்த மூன்று வாக்கியத்தையும் முதலில் வெட்டி எறியுங்கள்.

அந்த இடத்தில் நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், நம்மூரில் அதற்குப் பஞ்சம் இல்லை. தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016இல் இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே பொள்ளாச்சியில்தான். உங்கள் தோப்பில் கீழ்மட்டைகள் கருத்து, இலை மேல் கரும்பூசணம் படர்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். விலங்கியல் படிக்கிற ஒருவர் "பூச்சியியலில் ஆர்வம் உண்டு" என்று எழுதுவதற்கும், "எங்கள் தோப்பில் மருந்தடித்த மரங்களில் ஈ சீக்கிரம் திரும்பி வந்தது, அடிக்காத மரங்களில் அதைத் தின்னும் பூச்சிகளைப் பார்த்தேன், இந்த உறவை எண்ணிப் பார்க்க முறை தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று எழுதுவதற்கும் எவ்வளவு தூரம். வேதியியல் என்றால் நொய்யல் இருக்கிறது, ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது, சாயத் தண்ணீரில் இருந்து நிறத்தையும் உப்பையும் பிரிப்பது இன்றும் சுலபமான வேலை இல்லை. தாவரவியல், உயிர்வேதியியல் என்றால் ஈரோட்டு மஞ்சளும் அதில் இருக்கிற குர்குமினும். இயற்பியல் பிள்ளைகள் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைக்குக் கீழேயே வளர்ந்திருப்பீர்கள்.

ஆனால் ஊர்க்கதை மட்டும் போதாது. இரண்டு வரி அதற்கு, மீதி முழுக்க நீங்கள் படித்த எந்தத் தாள் இதற்கு உதவும், லேபில் எந்தக் கருவியைத் தொட்டிருக்கிறீர்கள், எதைக் கற்க வேண்டும் என்பதற்கு. கருவியைத் தொட்டதில்லை என்றால் தொட்டதாக எழுதாதீர்கள். நம் கல்லூரிகளில் பல கருவிகள் கண்ணாடி அறையில் பூட்டித்தான் இருக்கும் என்பது தேர்வு செய்கிறவர்களுக்குத் தெரியும். "ஸ்பெக்ட்ரோமீட்டரின் கோட்பாடு படித்திருக்கிறேன், கையால் இயக்கியதில்லை" என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆங்கிலம் எளிமையாக இருக்கட்டும். எழுதி முடித்து, சத்தமாகப் படித்து, மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

6. விஞ்ஞானிக்கு நேரடியாக மெயில் எழுதுவது

"ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு இன்ஸ்டிட்யூட்" என்று தொடங்கி, கோவில் திருவிழா நோட்டீஸ் மாதிரி ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. பெறுபவர் பட்டியலில் மற்ற நாற்பத்தொன்பது பேர் பெயரும் தெரியும். யாரும் பதில் போட மாட்டார்கள்.

இப்படிச் செய்யுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் விஞ்ஞானிகள் பட்டியலை எடுத்து, உங்களுக்குப் பொருந்துகிற ஐந்தாறு பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் சமீபத்திய ஆய்வுக் கட்டுரை ஒன்றின் சுருக்கத்தையும் முடிவுரையையும் படியுங்கள். முழுக்கப் புரியாது, பரவாயில்லை. மெயிலில் முதல் வாக்கியம் நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு. இரண்டாவது, அந்தக் கட்டுரையில் உங்களுக்கு எது பிடித்தது அல்லது எது புரியவில்லை. மூன்றாவது, இதுவரை செய்த ஏதாவது ஒரு வேலை. நாலாவது, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை வர முடியும், உதவித்தொகை எதிர்பார்க்கிறீர்களா இல்லையா. அவ்வளவுதான். பயோடேட்டா ஒரு பக்கம், மார்க் ஷீட் ஒரு பி.டி.எஃப். தலைப்பு வரியில் துறையும் மாதமும் தெரிய வேண்டும்.

அனுப்புகிற மெயில் முகவரியும் ஒழுங்காக இருக்கட்டும். பத்தாவது படிக்கும்போது நடிகர் பெயரில் உருவாக்கிய முகவரியை வைத்துக்கொண்டு ஆய்வு நிறுவனத்துக்கு எழுதாதீர்கள்.

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒருமுறை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவர். போன் நம்பர் தேடிப் பிடித்துப் பேசுவது, வாட்ஸ்ஆப்பில் குட் மார்னிங் போடுவது வேண்டாம். ஆனால் கோவை நிறுவனங்களில் ஒரு வசதி உண்டு, உங்கள் கல்லூரிப் பேராசிரியர்களில் யாராவது அங்கே பி.எச்டி. செய்திருப்பார்கள், அல்லது அங்குள்ளவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியிருப்பார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் மெயிலைத் திறந்து பார்ப்பார்கள். அதைக் கேட்பதில் தப்பே இல்லை.

7. காசு: கொடுக்க வேண்டியது, கொடுக்கக் கூடாதது, கையில் வைத்திருக்க வேண்டியது

அரசு ஆய்வு நிறுவனங்களின் கோடைத் திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. தேர்வானால் அவர்கள்தான் உங்களுக்கு உதவித்தொகை தருவார்கள், சில இடங்களில் ரயில் கட்டணமும் தங்குமிடமும்கூட.

நேரடியாக எழுதிப் போகிற இடங்களில் கதை வேறு. சில அரசு நிறுவனங்களே மாணவர் பயிற்சிக்கு ஆய்வகக் கட்டணம் வாங்கும். அது முறையானதுதான், இணையதளத்தில் விவரம் இருக்கும், நிறுவனத்தின் கணக்கில் கட்டி ரசீது வாங்கலாம். தனிநபர் ஜிபே எண்ணுக்கு யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மாத ஆன்லைன் ஆராய்ச்சிப் பயிற்சி, ஹாலோகிராம் வைத்த சான்றிதழ் என்று விளம்பரம் வரும். அதில் நீங்கள் வாங்குவது காகிதம் மட்டும்தான். எம்.எஸ்.சி. நேர்முகத்தில் அங்கே என்ன செய்தாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பதில் இருக்காது.

உதவித்தொகை மாதா மாதம் முதல் தேதி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். பல இடங்களில் வேலை முடிந்து அறிக்கை கொடுத்த பிறகுதான் வரும். முதல் மாதச் சாப்பாடு, பஸ், சில்லறைச் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். பெங்களூருக்குக் கோவையில் இருந்து ஸ்லீப்பர் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும், ராத்திரி ஐலண்ட் எக்ஸ்பிரஸில் திருப்பூர், ஈரோடு, சேலம் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம். செலவு அங்கே போய் இறங்கிய பிறகுதான்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது அம்மாவோடு சேர்த்துத் திறந்த மைனர் கணக்கை வைத்திருப்பவர்கள் 18 வயது முடிந்த பிறகு வங்கிக்குப் போய் அதை மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள், இல்லையென்றால் பணம் வராமல் திரும்பிப் போகும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிற கணக்கு உங்கள் தனிப் பெயரில் இருந்தால் அதையே கொடுக்கலாம்.

8. என்.ஓ.சி.யும் வருகைப்பதிவும்

கல்லூரியில் இருந்து ஆட்சேபணையில்லாச் சான்று ஏறக்குறைய எல்லா இடத்திலும் கேட்பார்கள். இதை வாங்க நான் அலைந்தது எனக்குத்தான் தெரியும். அலுவலகத்தில் "முதல்வர் மீட்டிங்ல இருக்காரு, அடுத்த வாரம் வாம்மா" என்பார்கள், அடுத்த வாரம் போனால் லெட்டர்பேடு தீர்ந்துவிட்டது என்பார்கள். கடிதத்தை நீங்களே டைப் செய்து, துறைத்தலைவரின் முன்னொப்பம் வாங்கி, பென்டிரைவிலும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் செய்ய வேண்டியது பிரிண்ட் எடுத்து முத்திரை வைப்பது மட்டும் என்றால் வேலை நடக்கும். இரண்டு அசல் வாங்குங்கள்.

யாரும் சொல்லாத சிக்கல் வருகைப்பதிவு. ஏப்ரல், மே மாதத்தில் செமஸ்டர் தேர்வும் செய்முறைத் தேர்வும் முடிய வேண்டும், ஜூனில் கல்லூரி திறந்துவிடும். எட்டு வாரப் பயிற்சி ஜூலை வரை போனால் அடுத்த செமஸ்டரின் முதல் சில வாரம் போய்விடும், 75 சதவீத வருகை இடிக்கும். அதனால் என்.ஓ.சி.யிலேயே தேதியைப் போட்டு, அந்த நாட்களுக்கு ஆன் டியூட்டி தரும்படி தனியாக ஒரு கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தை போதாது. நவம்பரில் அதை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

தேர்வு அட்டவணை வராமல் சேரும் தேதி சொல்ல முடியாது என்றால், விண்ணப்பத்தில் தோராயமாகப் போட்டுவிட்டு, தேர்வானதும் வழிகாட்டியிடம் மெயிலில் பேசுங்கள். ஒரு வாரம் முன்னே பின்னே பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

9. தேர்வாகிவிட்டீர்களா

ஏற்றுக்கொள்வதாகப் பதில் அனுப்ப ஒரு கடைசி நாள் இருக்கும், அதைத் தவறவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். மெயிலைத் தினமும் பாருங்கள், ஸ்பேமையும் சேர்த்து. இரண்டு இடம் கிடைத்தால் ஒன்றை உடனே, நன்றி சொல்லி, மறுத்துவிடுங்கள். இரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டு கடைசியில் ஒன்றுக்குப் போகாமல் விட்டால் அடுத்த வருஷம் உங்கள் கல்லூரியில் இருந்து போடுகிற பிள்ளையைத்தான் அது பாதிக்கும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாதம் விடுமுறைக் கூட்டம், அதனால் திறக்கிற அன்றே போடுங்கள். மும்பை என்றால் கோவை–குர்லா ரயில் ஒரு நாளுக்கு மேல் ஓடும், அதில் ஆர்.ஏ.சி.யில் உட்கார்ந்துகொண்டு போவது வேதனை.

கல்பாக்கம் மாதிரி அணுசக்தித் துறை வளாகங்களில் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்கலாம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் சில வாரம் பிடிக்கும். தேர்வுக் கடிதம் கைக்கு வந்த அன்றே அதைத் தொடங்குங்கள்.

அப்புறம் வீடு. பெண் பிள்ளைகளுக்கு இதுதான் கடைசிப் பரீட்சை. "ஏங்கண்ணு, நம்மூர்லயே ஏதாச்சும் பாக்கக் கூடாதா, அத்தன தூரம் எதுக்கு?" என்று அப்பாரு, அம்மா, அமுச்சி என்று எல்லாரும் ஆரம்பிப்பார்கள். வாதாடாதீர்கள். தேர்வுக் கடிதம், விடுதி ஒதுக்கீட்டு மெயில், வழிகாட்டியின் அலுவலக எண், விடுதி வார்டன் எண் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து முன்னால் வையுங்கள். முதல் நாள் அப்பா கூட வரட்டும், வந்து விடுதியைப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். விருந்தினர் அறை வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும், வாசலில் போய் நின்று கேட்டால் கிடைக்காது. விடுதி இல்லாத இடம் என்றால் வளாகத்துக்குப் பக்கத்துப் பி.ஜி.யில், ஒரு மாத அட்வான்ஸுக்கு மேல் கேட்காத இடமாகப் பாருங்கள்.

எடுத்துப்போக: எல்லாச் சான்றிதழிலும் அசலும் மூன்று ஜெராக்ஸும், லேபுக்கு மூடிய செருப்பு, கோட், ஒரு தடித்த நோட்டு. பருப்புப் பொடி தாராளமாக.

10. ஊர் திரும்பும் முன்

அறிக்கையைக் கடைசி வாரத்தில் எழுதத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் செய்ததை ஒரு பக்கம் எழுதி வைத்தால் கடைசியில் கோர்ப்பது மட்டும்தான் வேலை. படங்களும் தரவும் லேபுக்குச் சொந்தமானவை, வழிகாட்டியிடம் கேட்காமல் காப்பி எடுத்துக்கொண்டு வந்து கல்லூரி ப்ராஜெக்டில் போடக் கூடாது.

சான்றிதழில் உங்கள் பெயர் பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ளபடி இருக்கிறதா, தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டும் இருக்கிறதா, கையெழுத்தோடு முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். கல்லூரியில் ஆன் டியூட்டி கேட்க அந்தத் தேதிகள்தான் ஆதாரம். அடுத்த படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தருவீர்களா என்று வழிகாட்டியிடம் நேரில் கேட்டுவிடுங்கள், அவருக்கு உங்கள் முகம் மறப்பதற்குள்.

ரயில் கட்டணம் திருப்பித் தருகிற திட்டமாக இருந்தால் போன டிக்கெட், திரும்புகிற டிக்கெட் இரண்டையும் படிவத்தோடு இணைத்து, கணக்குப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வகுப்பு வரை தருவார்கள் என்பது விதியில் இருக்கும், ஏசியில் வந்துவிட்டு ஸ்லீப்பர்க் கட்டணம்தான் வந்தது என்று பிறகு வருத்தப்பட வேண்டாம்.